இருபத்தேழாவது கல்லடுக்கு

பலகையில் நாற்பத்தாறு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள் மேடம். அதற்குப் பெயிண்ட் அடித்தவன் நான்தான். மேலிடத்திலிருந்து வந்த தாளில் நாற்பத்தாறு என்று இருந்தது, நானும் நாற்பத்தாறு என்று எழுதினேன். வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தவர்களுக்கு அது நாற்பத்தாறு. காலால் அளந்தால் ஐம்பத்தொன்றுக்குக் குறையாது. இத்தனை வருஷத்தில் இதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. நான்கு நாள் நடந்துவிட்டு வருகிறவனுக்கு உட்கார ஒரு பெஞ்சு போதும், வாதம் செய்யத் தெம்பிருக்காது.

வாக்குமூலத்தில் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன். ஆனால் அந்தத் தடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் நான் செய்ததை எடைபோட முடியாது.

அது ஒரு வளையத் தடம். என் அறை வாசலில் தொடங்கி, காட்டுக்குள் போய், மலைமேல் ஏறி, திரும்ப என் அறை வாசலிலேயே வந்து முடியும். கைப்பிடி கிடையாது, படி கிடையாது, பாலம் கிடையாது. ஓடையைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும். மரம் விழுந்தால் விழுந்தபடியே கிடக்கும், ஏறித் தாண்ட முடியாத மரத்தை மட்டும் அறுப்போம். இதெல்லாம் எங்கள் சோம்பேறித்தனம் இல்லை, விதியே அதுதான். முடிந்தவரை கை வைக்காமல் விடு என்பது விதி. அதற்காகவே ஆட்கள் தேடி வருகிறார்கள். ஊரில் லிஃப்ட் ஒரு நாள் நின்றுபோனால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர்கள், இங்கே வந்து முட்டியளவு சேற்றில் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். மனித சுபாவம் எனக்குப் பிடிபட்டதே இல்லை.

கை வைத்தே ஆக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் நாள் நடையில் ஒரு மொட்டைப் பாறை வரும். புல்கூட முளைக்காத வெறும் பாறை, பரந்து கிடக்கும். நாங்கள் அதை வழுக்கை என்போம். கால் தடம் பதியாது என்பதால் வழி தெரியாது. அதனால் முப்பது நாற்பது அடிக்கு ஒன்றாக, இடுப்புயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறோம். மொத்தம் அறுபத்து மூன்று கல்லடுக்கு. ஒன்றின் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரியும், மேகம் இறங்கிய நாளிலும் மங்கலாகவாவது தெரியும். இருபத்தேழாவது அடுக்கில் வழி சட்டென்று வலப்பக்கம் மடங்கும். அங்கே மடங்காமல் நேராகப் போனால் வடக்கு விளிம்பு. விளிம்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

காற்றும் மழையும் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து அடுக்கையாவது கலைத்துவிடும். சீசன் தொடங்குவதற்கு முன்னால் தடக்காவலன் மேலே போய், கலைந்ததை அடுக்கிவிட்டு வந்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் அந்தத் தடக்காவலன். இருபத்திரண்டு வருஷமாக.

இன்னொரு வேலை, வில்லைகள். என் அறைத் தாழ்வாரத்தில் ஒரு பலகை, அதில் நாற்பது கொக்கி, கொக்கிக்கு ஒரு பித்தளை வில்லை, வில்லையில் எண். உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, நோட்டில் பெயரும் திரும்பும் நாளும் எழுதிவிட்டுப் போவார். திரும்பியதும் அதே கொக்கியில் மாட்டிவிட்டுக் கிளம்புவார். நான் அறையில் இல்லாவிட்டாலும் மாட்டலாம், அதற்குத்தான் பலகையை வெளியே வைத்திருக்கிறோம். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சொன்ன நாளுக்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்கும் காலியாகவே இருந்தால், நான் தேடுதல் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு குழந்தைக்கும் புரியும்.

என் தம்பி தேடுதல் குழுவில் இருந்தான். எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தையில் சொல்வதை அவன் ஒரு சிரிப்பில் முடித்துவிடுவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பன்னிரண்டாம் கொக்கியும் பதிமூன்றாம் கொக்கியும் காலியாக இருந்தன. கல்லூரி முடித்த இரண்டு பேர். ஐந்து மணிக்கு நான் போன் செய்தேன். மறுநாள் விடிந்ததும் குழு குறுக்கு வழியில் ஏறியது, மேலே மேகம் இறங்கியது. வழுக்கையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, அடுக்குகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தம்பி இருபத்தேழில் மடங்கவில்லை.

அவனைக் கீழே கொண்டுவர ஒன்பது மணி நேரம் ஆனது. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை நான் பிடித்திருந்தேன். ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, வலது முட்டி போனது. அன்றைக்கு அது வலித்ததாக நினைவில்லை. மறுநாள்தான் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

அந்த இரண்டு பேரும் எங்கே இருந்தார்கள் தெரியுமா? அவரவர் வீட்டில். இரண்டு நாள் முன்பே இறங்கி, வில்லையை ஞாபகார்த்தமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பேப்பரில் செய்தி பார்த்தபிறகு ஒருவன் இரண்டு வில்லையையும் தபாலில் அனுப்பினான். கூடவே ஒரு துண்டுத் தாள். மன்னிக்கவும் என்று எழுதியிருந்தான், அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

அன்றிலிருந்து எனக்கு அவர்கள்மேல் தீராத ஆத்திரம். அதை மறைக்கவில்லை. தம்பி மனைவி துணி தைத்துப் பிழைக்கிறாள். ஒருமுறை அவளிடம் அவர்களைப் பற்றிச் சொல்லிப் பொருமினேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அவங்களத் திட்டி என்ன ஆகப் போகுது மாமா? அவரு வழி தெரியாத ஆளா? கண்ணக் கட்டி விட்டாலும் அந்தப் பாறையில நடப்பேன்னு சொல்வாரே. அது எப்படி விழுந்தாருன்னுதான் எனக்கு விளங்கல" என்றாள். பாவம், அவளுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

நான் எடுத்த முடிவு எளிமையானது. அஜாக்கிரதையான ஒருவனுக்காக ஜாக்கிரதையான இன்னொருவன் இனிமேல் சாகக் கூடாது. மழைக்காலத்தில் தடம் மூடியிருக்கும், எனக்கு வேலை குறைவு. பித்தளைத் தகடு வாங்கி, ஒன்று முதல் நாற்பது வரை மாற்று வில்லைகள் செய்தேன். எண் குத்தும் அச்சு அறையிலேயே இருந்தது. பழையது மாதிரி தெரிவதற்காகப் புளித்த தயிரில் ஊறவைத்து, மண்ணில் தேய்த்தேன். எட்டாம் எண் மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

முதல்முறை அதைப் பயன்படுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து மணிக்கு ஒரு கொக்கி காலி. போனை எடுப்பதற்குப் பதிலாக மாற்று வில்லையை மாட்டினேன். மறுநாள் மத்தியானம் அந்த ஆள் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழுக்கையில் வழி பிடிபடாமல் ஒரு பகல் முழுக்கச் சுற்றினாராம். "கொக்கியில ஏற்கெனவே ஒண்ணு தொங்குது, யாரோ தப்பா மாட்டிட்டாங்க போல, கொடுங்க" என்று அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டேன். தேடுதல் குழுவில் ஏழு பேர் அன்றைக்கு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். நான் போன் செய்திருந்தால் ஏழு பேரும் மேலே நின்றிருப்பார்கள். எது சரி, நீங்களே சொல்லுங்கள்.

ஆறு வருஷத்தில், இந்தக் கடைசி ஆளுக்கு முன்னால், பதினோரு முறை இப்படிச் செய்தேன். ஒன்பது பேர் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். மற்ற இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டு என்னிடம் யாரும் வரவில்லை. வில்லை கொக்கியில் தொங்கும்போது ஏன் வரப்போகிறார்கள், வேறெங்காவது தேடியிருப்பார்கள். எட்டாம் கொக்கியிலும் பத்தொன்பதாம் கொக்கியிலும் இப்போது இருப்பவை நான் செய்தவை. போய்ப் பார்த்தால் தெரியும். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். எதையும் ஒளிக்கிறவன் இல்லை நான்.

சரி, நீங்கள் கேட்ட பல் மருத்துவருக்கு வருகிறேன்.

அவர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, தனியாள். முதுகுப்பை சிவப்பு. தனியாக வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற ரகம், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு வருகிற ரகம். இவர் இரண்டாவது. ஓடையில் தண்ணீர் எவ்வளவு, எங்கே கூடாரம் அடிக்கலாம், ஆபத்தென்றால் விசிலை எத்தனை முறை ஊத வேண்டும், ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்று ஊதல், ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி மூன்று என்று சொன்னேன். அங்கேயே மெதுவாக ஒருமுறை ஊதிக் காட்டினார். முப்பத்தொன்றாம் வில்லையை எடுத்துக்கொண்டார்.

"மேல கல்லடுக்கெல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"போன மாசம்தான் போய் அடுக்கிட்டு வந்தேன்" என்றேன்.

சௌக்கியமா என்று யாராவது கேட்டால் சௌக்கியம் என்று வாயில் வருமே, அப்படி வந்த பதில் அது. முட்டி போனபிறகு என்னால் அந்த ஏற்றம் ஏற முடிவதில்லை. அலுவலகத்தில் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னைக் கீழே எங்காவது ஒரு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவன் நான்.

நான் நோட்டை எடுக்க எழுந்தபோது அவர் என் நடையைக் கவனித்தார். "முட்டியா? இந்தக் காலோட எப்படி மேல போனீங்க?" என்றார். "மெதுவா" என்றேன். சிரித்துவிட்டார். பையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு முட்டி உறையை எடுத்தார். "எனக்கு இன்னொண்ணு இருக்கு. இத மாட்டிட்டுப் பாருங்க. நடக்கறப்ப மட்டும் போடுங்க, தூங்கறப்ப கழட்டிடணும்." நல்ல உறை மேடம். இப்போதும் போட்டிருக்கிறேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

வியாழக்கிழமை திரும்ப வேண்டியவர். வரவில்லை. புதன்கிழமையிலிருந்தே மேலே மேகம். வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஆனது. நான் டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு முப்பத்தொன்றாம் மாற்று வில்லையை மாட்டினேன். அந்த வாரம் உள்ளே வேறு யாரும் இல்லை. நாற்பது கொக்கியிலும் நாற்பது வில்லை. பார்க்க நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை காலை அறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கும் பாறைத் திட்டுகள் தெரியும், மேகம் இல்லாத நாளில். அன்று எதுவும் தெரியவில்லை. விசில் மட்டும் கேட்டது. மூன்று ஊதல். ஒரு நிமிஷம். மூன்று ஊதல். நான் சொல்லிக்கொடுத்தபடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நேரத்தை நோட்டில் குறித்தேன். எதையும் குறித்து வைப்பது இத்தனை வருஷப் பழக்கம். அந்தப் பக்கத்தைத்தான் நீங்கள் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம்தான். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் செய்தால் என்ன நடந்திருக்கும்? மேகத்தில் ஏழு பேர் ஏறியிருப்பார்கள். அந்த ஏழு பேருக்கும் வீடு இருக்கிறது. வில்லை ஏன் தொங்குகிறது என்று கேட்டிருப்பார்கள். வழுக்கைக்குப் போய்க் கல்லடுக்குகளைப் பார்த்திருப்பார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்யவில்லை. ஆத்திரத்தில் செய்தது இல்லை, அவசரத்தில் செய்ததும் இல்லை.

மத்தியானம் அவர் கணவர் போன் செய்தார். பள்ளிக்கூட நூலகராம். குரல் தணிவாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு எடுத்தேன்.

"அவ இறங்கினதும் முதல் வேலையா எனக்குப் போன் பண்ணுவா சார். முந்தாநாளே வந்திருக்கணும்."

"வில்லை தொங்குது சார். முப்பத்தொண்ணு. நான் பார்த்துட்டுதான் பேசறேன். ஆளு வெளிய வந்தாச்சு."

"அப்ப எங்க போயிருப்பா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? குடும்ப விஷயம். இங்க நாலு நாள் தனியா நடக்கிறவங்க சில பேர் ஏதோ ஒரு முடிவோட கிளம்பிடறாங்க. நான் நிறையப் பார்த்திருக்கேன்."

"அவ அப்படிப்பட்டவ இல்ல சார்" என்றார். சொன்ன விதத்திலேயே பாதி நம்பிவிட்டார் என்று புரிந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். வெட்கத்தில் அவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த நான்கு நாளை என் கணக்கில் எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை ஊதல் கேட்டது. இடைவெளி மட்டும் நீண்டுகொண்டே போனது. திங்கட்கிழமை காலையில் மூன்றுக்குப் பதில் இரண்டாக வந்தது. மத்தியானத்துக்குமேல் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மேகம் விலகி, பாறைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. சிவப்பாக ஏதோ இருந்தது. நான் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சன் இல்லை. தம்பிக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் பறவைகளைப் படம் பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்பார்கள். வில்லை கொடுத்து அனுப்பினேன். அவர்கள்தான் தூரத்திலிருந்து கேமராவில் உடலைப் பார்த்திருக்கிறார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, மற்றபடி பெரிய அடி இல்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பாறையில் வழிந்த தண்ணீரைக் குவளையில் பிடித்துக் குடித்திருக்கிறார். கெட்டிக்காரி. சட்டைப் பையில், பொத்தான் போட்டு, முப்பத்தொன்றாம் வில்லை. தொலைத்துவிடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். தேடுதல் குழுத் தலைவர் அதைக் கொண்டுவந்து மாட்டப் போனார், அந்தக் கொக்கியில் ஏற்கெனவே ஒரு முப்பத்தொன்று தொங்கியது. அவர் வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்பியோடு ஒன்றாக வேலை பார்த்தவர். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பல் மருத்துவருடைய நோட்டையும் படித்துக் காட்டினீர்கள். இருபத்தாறு வரை கண்டுபிடித்தேன், அதிலும் பாதி சரிந்து கிடக்கிறது, இருபத்தேழைக் காணவில்லை, நேராகப் போய்ப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். மேலே போய் எண்ணியவர்கள் அறுபத்து மூன்றில் பத்தொன்பதுதான் நிற்கிறது என்று சொன்னார்களாம். இருக்கும். ஏழு மழைக்காலம் பார்த்துவிட்டதே.

முட்டி போய் ஆறு வருஷம் என்றுதானே முதலில் சொன்னீர்கள் என்று நிறுத்துகிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். ஏழு தாளையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் என்னைப் பேசவிட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. ஆண்டுப் பராமரிப்பு முடிந்தது, கல்லடுக்குகள் அறுபத்து மூன்றும் நல்ல நிலையில் உள்ளன. ஏழிலும் என் கையெழுத்துதான். முதல் தாளின் தேதி, தம்பி விழுவதற்கு நான்கு மாதம் முந்தியது.

அந்த வருஷம் முட்டி நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரமாகத் தூறல், மேலே போக அலுப்பாக இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அறையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். தேடப் போன அன்று காலையில் தம்பி தாழ்வாரத்தில் நின்று கேட்டான். "அண்ணே, மேல அடுக்கெல்லாம் நிக்குதில்ல? மூட்டமா இருக்கு, அதை நம்பித்தான் போகணும்." நிற்கிறது, போய் வா என்றேன். அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் அவனுக்குப் போதும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல் மருத்துவரை நான்தான் சாகவிட்டேன். எட்டாம் ஆளையும் பத்தொன்பதாம் ஆளையும்கூட என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தம்பியை இதில் சேர்க்காதீர்கள். அவனைக் கொன்றது வில்லையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரண்டு பேர்தான். அதை மட்டும் தெளிவாக எழுதுங்கள் மேடம்.